தலைக்கு மேலே சொட்டு!

அடுத்த தடவை மேனேஜர் மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து மேலே பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை அட்டைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றிலாவது டிகாக்ஷன் கலரில் ஒரு கறை இருக்கும். எங்கள் ஆபீஸில் இருப்பது இலங்கை மேப் சைஸில் ஆரம்பித்து ஆஸ்திரேலியா ஆகிக்கொண்டிருக்கிறது. இரண்டு தரம் அட்டையை மாற்றினார்கள். மூன்றே மழையில் புது இலங்கை பிறந்துவிட்டது.

கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்கிறோம். தண்ணீர் அவ்வளவு நேர்மையான ஆசாமி இல்லை, ஸார். அது ஒரு தெருவில் உள்ளே நுழைந்து, நாலு வீட்டுக் கொல்லை தாண்டி, ஐந்தாவது வீட்டில் தலையை நீட்டும். நடுவே ஒரு ஃபால்ஸ் ஸீலிங்கும் இருந்துவிட்டால், கேட்கவே வேண்டாம். தலைமறைவு வாழ்க்கைக்கு வசதியான ஜாகை.

எனக்கு இந்த ஞானம் வந்தது ஆபீஸில் இல்லை, வீட்டில். வீடு அம்பத்தூர் ஒரகடம். கார் கம்பெனி ஒரகடம் இல்லை; அது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். (கால் டாக்ஸி டிரைவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி வயசு போய்விட்டது.) 1987-ல் அப்பா பி.எஃப். லோன் போட்டுக் கட்டிய வீடு. ஒரே மாடி கூட இல்லை. தரைத்தளம், அதன் மேல் மொட்டை மாடி, மாடியில் தண்ணீர் டாங்க், துணிக்கொடி, காக்கா. அவ்வளவுதான். அப்பா 2016-ல் போய்விட்டார். அம்மாவும் நானும் இருக்கிறோம். அண்ணனும் அண்ணியும் பூந்தமல்லியில் ஃபிளாட்.

2019-ல் அண்ணன் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. சொந்தக்காரர்கள் வருவார்கள், அம்மா ரூம் மேல்தளத்தில் ஓதம் பூத்து அசிங்கமாக இருக்கிறது என்று அண்ணன் பி.வி.சி. ஸீலிங் போடச் சொன்னான். வெள்ளையில் தங்கக் கோடு போட்ட பலகைகள். இரண்டே நாளில் ரூம் கல்யாண மண்டபத்து மணமகள் அறை மாதிரி ஆகிவிட்டது. ஓதம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போய்விட்டது என்றுதானே அர்த்தம்!

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நாள். ராத்திரி பத்து மணிக்கு அம்மா கூப்பிட்டாள். "டேய், என் நெத்தியில யாரோ தண்ணி தெளிக்கறாங்கடா."

போய்ப் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே, இரண்டு பலகைகள் சேரும் இடத்தில், ஒரு சொட்டு உருண்டு திரண்டு, யோசித்து, விழுந்தது. கட்டிலை நகர்த்தி பக்கெட் வைத்தேன். மழை ஞாயிற்றுக்கிழமை நின்றுவிட்டது. சொட்டு புதன்கிழமை வரை நிற்கவில்லை. வானம் பளிச்சென்று வெயில் அடிக்கிறது, உள்ளே 'டொக்... டொக்...' என்று பக்கெட் பேசிக்கொண்டிருக்கிறது. அம்மா ஒரு விஷயம் கூடச் சொன்னாள். "அந்தப் பலகை கொஞ்சம் தொங்கற மாதிரி இருக்குடா. போன வருஷமே சொன்னேன்." போன வருஷம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். "புதுக் கண்ணு, எல்லாம் தொங்கற மாதிரிதான் தெரியும்" என்று அப்போது அண்ணன் தள்ளிவிட்டிருந்தான்.

இப்போது அண்ணன் வந்து பக்கெட்டைப் பார்த்தான். ஸீலிங்கைப் பார்த்தான். "ஸ்லாப் போச்சுடா. முப்பத்தேழு வருஷக் கட்டடம். இனிமே இதுல காசு போட்டா கிணத்துல போட்ட மாதிரி" என்றான்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒரு பில்டர் ஒரு வருஷமாக அண்ணனை வளைத்துக்கொண்டிருந்தார். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினால் எங்களுக்கு இரண்டு ஃபிளாட், கையில் கொஞ்சம் ரொக்கம். அம்மாவுக்கு இஷ்டமில்லை, வாயைத் திறந்து வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள், "அப்பா வெச்ச முருங்கை..." என்று பாதியில் நிறுத்திவிடுவாள். அண்ணன் பேராசைக்காரன் இல்லை. அம்மா தலையில் ஒருநாள் கூரை விழுந்துவிடுமோ என்று அவனுக்கு நிஜமாகவே பயம். பில்டர் தன் சார்பில் ஒரு இன்ஜினீயரை அனுப்பினார். அவர் ரூம் நடுவே நின்று, இடுப்பில் கை வைத்து, தங்கக் கோடு போட்ட பிளாஸ்டிக்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஸ்ட்ரக்சர் ரொம்ப வீக்" என்றார். ஒரு பலகையைக் கூடத் தொடவில்லை. பவுடர் பூசிய முகத்தைப் பார்த்தே பிளட் பிரஷர் சொல்கிற டாக்டர்! தை பிறந்ததும் அக்ரிமென்ட் என்று நாள் கூடக் குறித்தாகிவிட்டது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். தெருவுக்கே ஐ.சி.எஃப். மாமா. 36 வருஷம் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஃபர்னிஷிங் டிவிஷனில் ஃபிட்டர். ஐ.சி.எஃப்.பை 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்து வைத்தார். ஆரம்பத்தில் அங்கே வெறும் இரும்புக் கூடுதான். ஸீட், ஜன்னல், மேல் பலகை எல்லாம் மாட்டும் ஃபர்னிஷிங் பிரிவு 1962-ல் வந்தது. அம்பத்தூர், ஆவடி, கொரட்டூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இப்படி ஓய்வு பெற்றவர் இருப்பார். மின்சார ரயிலில் நின்றுகொண்டே பாதி ஆயுளைக் கழித்தவர்கள். மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மேல் பலகையைக் கழட்டிப் பார்த்தீங்களா?" என்றார்.

"இல்லை மாமா. இன்ஜினீயர்..."

"அவரு கழட்டிப் பார்த்தாரா?"

"இல்லை."

"அப்ப யாருமே இன்னும் பார்க்கலை" என்றார். முடிந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு. காலையில் அண்ணனும் வந்துவிட்டான், 'வேண்டாத வேலை' என்ற முகத்தோடு. மாமா முதலில் செய்தது ஸீலிங்கைத் தொடுவது இல்லை. மெயின் ஸ்விட்சை அணைத்து ஃப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒழுகற கூரைக்குள்ள கரண்ட்டும் இருக்கும், தண்ணியும் இருக்கும். ரெண்டும் பேசிக்கிட்டா நம்மகிட்ட சொல்லாது." அம்மா கட்டிலை ஹாலுக்குக் கொண்டுபோனோம். தரையில் தார்ப்பாய். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி.

இந்தப் பலகைகளை நினைத்த இடத்தில் கழட்ட முடியாது. ஆபீஸ் அட்டை மாதிரி தூக்கினால் வராது. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பக்கம் நாக்கு, மறு பக்கம் பள்ளம். ஒன்றின் நாக்கு அடுத்ததின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ அந்த மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். கடைசியாக மாட்டியது எதுவோ அதைத்தான் முதலில் எடுக்கவேண்டும். கடைசிப் பலகையை எப்படிக் கண்டுபிடிப்பது? மாமா சுவரோரமாக நடந்து பார்த்துவிட்டு ஒரு மூலையைக் காட்டினார். "இது மட்டும் அகலம் கம்மி பாரு. இடம் பத்தாம அறுத்துப் போட்டிருக்கான். அப்ப இதுதான் கடைசி." சுவரை ஒட்டிய பார்டர் பட்டையைப் பட்டி பிளேடால் நெம்பி எடுத்தார். பிறகு துண்டுப் பலகை. அதற்குள்ளிருந்து இரண்டு ஸ்க்ரூ. பிறகு அடுத்தது. ஒவ்வொன்றையும் இறக்கியதும் முதுகில் பென்சிலால் நம்பர், வாசல் பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி. "கழட்டறவன் எழுதி வைக்கலேன்னா மாட்டறவன் அழுவான்" என்றார். பத்தடிக்குப் பன்னிரண்டடி ரூமுக்குப் பதினாலு முழுப் பலகை, ஒரு துண்டு.

மேலேயிருந்து என்னென்ன வந்தன! பல்லி முட்டை ஓடுகள், எலிப்புழுக்கை, 2019 தேதியிட்ட பேப்பரில் சுற்றிய பாதி வடை (கல்லாகியிருந்தது), ஸீலிங் போட்டவர் மறந்துவிட்டுப் போன ஒரு டெஸ்டர். டெஸ்டரை மாமா துடைத்துப் பார்த்து, வேலை செய்கிறது என்று என்னிடம் கொடுத்தார்.

ஒன்பதாவது பலகை கழட்டும்போது கனத்தது. "பிடி, பிடி, சாய்க்காதே" என்று மாமா குரலை உயர்த்தினார். இரண்டு பேருமாகத் தட்டு ஏந்துகிற மாதிரி இறக்கினோம். பலகையின் முதுகில் ஒரு கான்கிரீட் சில்லு படுத்திருந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், முக்கால் அங்குல கனம். அண்ணன் அதைக் கையில் எடுத்தான். பேசவில்லை. பழைய பேப்பர் போடுவதற்காக அம்மா வைத்திருக்கும் கொக்கித் தராசில், பையில் போட்டு மாட்டினான். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

எத்தனை மாசமாக அது அங்கே படுத்திருந்தது? அம்மா தலைக்கு நேரே, உள்ளே கூடாக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் பலகையின் தயவில். பலகை நிஜமாகவே தொங்கித்தான் இருந்திருக்கிறது. அம்மாவின் புதுக் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அண்ணன் ஹாலுக்குப் போய் அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். "நான் சொன்னேன்ல, ஸ்லாப் போச்சு" என்றான். ஆனால் அதில் ஜெயித்த குரல் இல்லை.

"ஸ்லாப் போச்சா, ஸ்லாப்புல ஒரு இடம் போச்சா, அதைப் பாப்போம்" என்றார் மாமா.

டார்ச் வெளிச்சத்தில் மேல்தளம் முழுக்க இப்போது தெரிந்தது. ஒரு இடத்தில் மட்டும், சுமார் இரண்டடிக்கு ஒன்றரை அடி, கம்பி வெளியே தெரிந்து துருப்பிடித்திருந்தது. இரும்பு துருவானால் இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளி உடைத்துவிடும். சில்லு விழுந்த ரகசியம் அதுதான். மாமா சின்னச் சுத்தியலை எடுத்து ஸ்டூலில் ஏறி, மூலைக்கு மூலை தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டங்' என்றது. கெட்ட இடத்தில் 'தொப்' என்றது, பழுத்த பலாப்பழம் மாதிரி. தொப் என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்தார். எல்லாம் அந்த ஒரு இடத்தைச் சுற்றியே வந்தது. மீதிக் கூரை முழுக்க 'டங்'.

அந்தக் கெட்ட இடத்தின் ஒரு ஓரத்தில் பழைய ஜங்ஷன் பாக்ஸ். ஒயர் போவதற்காக ஸ்லாப் போடும்போதே உள்ளே புதைத்த பைப் அதில் வந்து முடிகிறது. பாக்ஸ் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு தாடி விட்டிருந்தது. அதிலிருந்து விழுந்த தண்ணீர் பலகையைத் தாங்கும் இரும்புப் பட்டையில் விழுந்து, அதன் மேலேயே நாலடி ஓடி, தொங்கின பலகைக்கு வந்து, அதன் பள்ளத்தில் தேங்கிச் சொட்டியிருக்கிறது. பட்டையில் பழுப்புக் கோடு, யாரோ ஸ்கெட்ச் பேனாவால் வழி போட்டுக் கொடுத்த மாதிரி.

வெளிநாட்டில் மோட்டார் படகு வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடுதான் என்று பிறகு படித்தேன். கேபினுக்குள் தலைக்கு மேலே மெத்து வைத்த பலகைகள். படகின் மேல்தளம் பெரும்பாலும் ஃபைபர் சாண்ட்விச்: மேலும் கீழும் ஃபைபர், நடுவே பால்ஸா கட்டையோ பிளைவுட்டோ. மேலே கைப்பிடிக் கம்பிக்குப் போட்ட ஸ்க்ரூவில் அடைப்புப் பசை காய்ந்து வெடித்தால் தண்ணீர் நடுக்கட்டைக்குள் இறங்கும். கட்டையை ஊறவைத்து அழுகவிட்டு, எங்கோ தள்ளி லைட்டுக்காகப் போட்ட துளையில் சொட்டும். அவர்களும் பலகையைக் கழட்டி, கறையைப் பிடித்துக்கொண்டே மேலே போய், கடைசியில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துத்தான் ஓட்டையைப் பிடிக்கிறார்கள். கோடீஸ்வரர் படகுக்கும் ஒரகடம் மொட்டை மாடிக்கும் தண்ணீர் வித்தியாசம் பார்ப்பதில்லை. எங்கள் மாடியில் பால்ஸா கட்டைக்குப் பதில் செங்கல் ஜல்லி. அந்தக் காலத்தில் ஸ்லாப்புக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காய் ஊறல், வெல்லத் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். வெயிலுக்கு அருமையான வேலை. ஆனால் தட்டோட்டில் ஒரு துளை விழுந்துவிட்டால் அந்த ஜல்லி ஸ்பாஞ்ச் மாதிரி குடித்து வைத்துக்கொள்ளும். மழை ஞாயிறு நின்றும் சொட்டு புதன் வரை வந்த காரணம் அதுதான்.

"ரயில் பெட்டியிலயும் இப்படித்தான். ரூஃப்ல ஒரு இடத்துல உள்ள வரும், பாசஞ்சர் தலையில வேற இடத்துல விழும்" என்றார் மாமா. பெட்டி தயாரானதும் ஷவருக்கு அடியில் நிறுத்தித் தண்ணீர் அடிப்பார்களாம், உள்ளே ஒருவர் டார்ச்சோடு. அதே ஷவர் டெஸ்ட்தான் எங்கள் வீட்டுக்கும். மாடியைத் தண்ணீர் கட்டி நிரப்பிப் பார்க்கலாமே என்று அண்ணன் கேட்டான். மாமா தலையாட்டி மறுத்தார். நூறு சதுர அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட 470 கிலோ. துருப்பிடித்த இடத்துக்கு மேலே அந்தப் பாரம் வேண்டாம்.

அண்ணன் மாடியில் ஹோஸோடு. நான் கீழே ஸ்டூலில் டார்ச்சோடு. நடுவே செல்போன். மொத்தமாக அடிக்கக் கூடாது. ஒரு இடத்துக்கு இருபது நிமிஷம், தாழ்ந்த இடத்திலிருந்து ஆரம்பித்து மேட்டுக்கு. முதலில் மழைத்தண்ணீர்க் குழாய் வாய். ஒன்றுமில்லை. கைப்பிடிச் சுவரின் அடி. ஒன்றுமில்லை. டாங்க் அடி. ஊஹூம். எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அம்மா இரண்டு தடவை காபி கொண்டுவந்தாள். நாலாவதாக, ஹாலுக்கு மேலே, ஒரு மூலையில் நிற்கும் டிஷ் ஆன்டெனா.

எட்டாவது நிமிஷம் ஜங்ஷன் பாக்ஸின் வாய் பளபளத்தது. ஒரு சொட்டு. திரண்டு, யோசித்து, விழுந்தது.

"நிறுத்து! நிறுத்து! வந்துடுச்சு!" என்று கத்தினேன். போன் தேவைப்படவில்லை; மாடிக்கே கேட்டிருக்கும்.

அந்த டிஷ் 2021-லிருந்து சும்மா நிற்கிறது. கேபிள் பிராட்பேண்ட் வந்தபின் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாட்டவந்த பையன் சுவரை விட்டுவிட்டு, வசதியாகத் தரையிலேயே தட்டோட்டைத் துளைத்து நாலு போல்ட் முடுக்கியிருந்தான். நாலு துளை. அதிலிருந்து அம்மா தலைமாடு வரை மாடியில் காலால் அளந்து பார்த்தேன், பதினாலு அடி. அம்மா நாலு வருஷம் பார்த்த சீரியலுக்கெல்லாம் சேர்த்து வசூல் பண்ணிவிட்டது அந்த டிஷ்.

அதற்கு அடுத்த வாரம் நாங்களாகவே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூட்டிவந்தோம், பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஆள். சுத்தியல் மாதிரி ஒரு கருவியை ஸ்லாப்பில் அழுத்தி அழுத்தி ரீடிங் எடுத்தார். சாக்பீஸ் போட்ட இடத்தில் மட்டும் ரிப்பேர் போதும், மற்றது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். டிஷ்ஷைப் பிடுங்கினோம். கொத்தனார் சுற்றிலும் தட்டோட்டைப் பெயர்த்தபோது ஜல்லி கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தது. "உடனே மூடிடலாம் சார்" என்றார். மாமா விடவில்லை; ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அது கீழ்ப்பக்கம்தான் வழி தேடும். ஊறின ஜல்லியைத் தோண்டி எடுத்துவிட்டு மார்கழி வெயிலில் பன்னிரண்டு நாள் திறந்தே போட்டோம். பிறகு புது ஜல்லி, புது தட்டோடு, சந்துகளில் நீர்க்காப்புப் பசை. கீழே தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியை பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவை. அண்ணன் லட்சக் கணக்கில் பயந்திருந்தான். பில் ஆயிரக் கணக்கில் முடிந்தது.

தை பிறந்தது. பில்டருக்கு அண்ணனே போன் பண்ணினான். "இந்தத் தை வேண்டாம் சார்" என்றான். எந்தத் தை என்று அவர் கேட்டார் போலிருக்கிறது. "அம்மா சொல்லட்டும்" என்று வைத்துவிட்டான்.

பலகைகளை மறுபடி மாட்ட அம்மா சம்மதிக்கவில்லை. நம்பர் போட்டு அடுக்கிய பதினாலு பலகையில் ஆறை மாமா தன் ஸ்கூட்டர் ஷெட்டுக்கு வாங்கிக்கொண்டார். கூலி வேண்டவே வேண்டாம் என்றவர் அதற்கு மட்டும் இரண்டு நடை நடந்தார். மேல்தளத்துக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது, அவர் போட்ட சாக்பீஸ் வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு. அம்மா உத்தரவு.

2025 ஐப்பசியில் ஒருநாள் சாயந்திரம் பிடித்த மழை ராத்திரி வரை விடவில்லை. ஒன்பது மணிக்கு வாசலில் பைக் சத்தம். பூந்தமல்லியிலிருந்து அண்ணன், முழுக்க நனைந்து. செருப்பைக் கழட்டினான், ஹெல்மெட்டைக் கழட்டவில்லை. நேரே அம்மா ரூமுக்குள் போய் அண்ணாந்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏண்டா, என் ரூமுக்கு ஹெல்மெட் போட்டுக்கிட்டுதான் வரணுமா?" என்றாள் அம்மா.